மற்றவை

தால்காவானோ துறைமுகத்தில் மழை.
எர்சிலியா நீட்டிய படிவமும் ஈரம்.
மீனின் பெயர் கேட்கும் கட்டத்தில்
யாரோ எழுதியிருக்கிறார்கள்: மற்றவை.

பெட்டியைத் திறந்தேன்.
முதுகின் கடைசியில் குட்டித் துடுப்புகள், வரிசையாக,
கானாங்கெளுத்திக்கும் சூரைக்கும் இருப்பதுபோல.
சரி, குடும்பம் அதுதான்.
ஆனால் இந்தச் செதில்?
ஒவ்வொன்றும் கட்டைவிரல் நகமளவு.
சூரையின் வழவழப்பு எங்கே, இது எங்கே.

கானாங்கெளுத்திக்கு ஒரு குலம்,
வஞ்சிரத்துக்கு ஒன்று, சூரைக்கு ஒன்று,
எல்லாரும் பந்தியில் கூட்டமாய் உட்கார
இதற்கு மட்டும் தனி இலை.
துணைக்குடும்பம் ஒன்று, ஆள் ஒன்று.

சூரை உடம்பையே சூடேற்றிக்கொண்டு நீந்தும்.
இது, கண்ணுக்குப் பின்னால் ஒரு தசையை எரித்து
மூளையை மட்டும் காய்ச்சிக்கொள்கிறது
தென்கடல் குளிரில்.

"விலை போகாது, பூனைக்குப் போடு"
என்கிறார் பெலிசாரியோ, கையுறையைக் கழற்றாமலே.
எர்சிலியா அடிவயிற்றைத் தடவிப் பார்க்கிறாள்.
குஞ்சில் அங்கே விசிறிபோலத் துடுப்பு இருக்குமாம்.
வளர வளரச் சுருங்கி, இப்போது
ஒரு சுண்டுவிரல்.

மற்றவையை அடித்துவிட்டு
லத்தீன் பெயரை எழுதுகிறேன்.
கட்டம் போதவில்லை.
கடைசி நான்கெழுத்து
எடை எழுதவேண்டிய இடத்தில் போய் விழுகிறது.