கழித்தல் ஆறு

ராயக்கோட்டையிலிருந்து பஸ்ஸில், மடியில் வைத்தே
தராசைக் கொண்டுவந்திருந்தாள் நாகவேணி.
பூ வாசம் முதலில் கடைக்குள் வந்தது,
பிறகு அவள், பிறகு புகார்:
"காலையில எங்கிட்ட திருடுது.
சாயந்திரம் எனக்காக ஊரைத் திருடுது.
ரெண்டுமே எனக்கு வேணாம்."

கிருஷ்ணகிரி ரவுண்டானாவுக்கு அடுத்த சந்தில்
பதினோரு வருஷமாக எடைமெஷின் பிரிக்கிறேன்.
உள்ளே என்னவெல்லாம் குடியிருக்கும் என்று
செய்த கம்பெனிக்கே தெரியாது.
காவேரிப்பட்டணம் மாங்காய் மண்டியில் ஒரு குளவி
மண்ணால் ஐந்து அறை கட்டி
ஒவ்வொரு மூட்டையிலும் கொஞ்சம் பாரத்தைத்
தன் சுவரில் தாங்கிக்கொண்டிருந்தது.
பாலக்கோட்டுத் தக்காளித் தராசுக்குள் ஒரு பால்பல்.
யாரும் கேட்டு வரவில்லை. இன்னும் என் மேஜையில் இருக்கிறது.

நாகவேணியின் தராசில் ஒன்றுமில்லை.
ரசமட்டக் குமிழி வட்டத்தின் நடுவில்
(ஒரு சொட்டுக் காற்றை அடைத்துவைத்து
பூமி நேராக இருக்கிறதா என்று அதைக் கேட்கிறோம்;
கண்டுபிடித்தவன் வீட்டில் யாரும் சிரிக்கவில்லையா?)
இருநூறு வைத்தால் இருநூறு. ஐந்நூறு வைத்தால் ஐந்நூறு.
"இங்க வந்தா மட்டும் யோக்கியம்" என்றாள்,
பள்ளிக்கூடத்தில் மகனைப் பற்றிச் சொல்கிற குரலில்.

ஆக, நான் போகவேண்டியிருந்தது.
விடியற்காலை நாலரை. மார்கழிப் பனி.
மல்லி கிலோ மூவாயிரம்.
சார்ஜ் ஒயரைப் பிடுங்கி சுவிட்சைப் போட்டாள்.
எல்லாக் கட்டத்திலும் எட்டு எரிந்து
பூஜ்யத்துக்கு இறங்கியது.
முதல் கூடையைப் பக்கத்தில் டமாரென்று வைத்தாள்.
வெறும் தட்டு. சிவப்பு எழுத்தில்
கழித்தல் ஆறு.

எதுவுமே இல்லாததைவிட ஆறு கிராம் குறைவு.
ஏழாம் வகுப்பில் எபினேசர் சார்
கடன் என்றார், கிணற்றுப் பள்ளம் என்றார்.
எனக்கு விளங்கியது அன்றுதான்:
இங்கே இருந்த ஒன்று எழுந்து போயிருக்கிறது.

சாயந்திரம் வரை உட்கார்ந்திருந்தேன்.
எண்களின் வெளிச்சத்துக்குப் பூச்சி வந்தது.
பூச்சிக்காக அதுவும் வந்தது.
வெறும் தட்டு இப்போது கூட்டல் ஆறு.
தூக்கினேன். அடிப்புறம், தலைகீழாக, பல்லி.

எந்தத் திசையில் சொன்னால் என்ன பலன் என்று
காலண்டரின் பின்பக்கம் போட்டிருக்கிறது.
தட்டுக்கு அடியில் இருந்தால் என்னவென்று போடவில்லை.

வாலை என் கையில் கொடுத்துவிட்டு ஓடியது.
நகைக்கடைகளுக்குக் கொண்டுபோகும் சின்னத் தராசு பையில் இருந்தது.
அதில் வைத்தேன். ஏன் என்று கேட்காதீர்கள்.
வால் துள்ள, எண்ணும் துள்ளியது:
புள்ளி எட்டு, ஒன்று புள்ளி மூன்று, புள்ளி ஆறு.
எடை நிலைத்தால் எரிகிற பச்சைப் பொட்டு
எரியவே இல்லை.
இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.
ஒரு முழம் கேட்டு நின்றவரும் குனிந்தார்.

பிறகு எரிந்தது.
ஒரு கிராம்.

"அப்ப இனிமே அஞ்சு கிராம்தான் தப்பு வரும்"
என்றாள் நாகவேணி, மெதுவாக.

மருந்து சுலபம். சுவிட்சைத் தொடுமுன்,
ஒவ்வொரு எடைக்கும் முன்,
தட்டை இரண்டு தட்டு தட்டச் சொன்னேன்.
தை முடிவதற்குள் அந்த வரிசையில் ஒன்பது கடையும் தட்டின.
புதிதாக வந்த செல்போன் கடைப் பையன்,
தராசே இல்லாதவன்,
ஷட்டரைத் தூக்கியதும் கண்ணாடி மேஜையை
இரண்டு தட்டு தட்டுகிறானாம்.
கேட்டால், "இங்க அப்படித்தான்."

ஆடியில் ஒரு நாள், இருட்டோடு போன்.
"இன்னிக்கித் தட்டாம போட்டுப் பாத்தேன். சும்மாதான்.
மைனஸ் ஆறு."
"ஆறா? அஞ்சு இல்லையா?"
"முழுசா ஆறு."
பின்னால் ஏலக்காரர் சம்பங்கிக்கு விலை கூவிக்கொண்டிருந்தார்.
அவள் போனை வைக்கவில்லை.
நானும்.