இரண்டு சுரம்

படத்தில் அந்த இடத்தில் ஒன்றும் நடப்பதில்லை.
ஒரு மனிதன் சைக்கிளை மதிலோடு சாத்துகிறான்.
பால்மாப் பெட்டியை எடுத்துக்கொண்டு
ஒழுங்கைக்குள் நடக்கிறான்.
பன்னிரண்டு செக்கன்.
தூரத்தில், தண்ணீருக்கு அப்பால், சீனக்குடா மா ஆலையின் வெளிச்சம்.

புல்லாங்குழல் வைத்துப் பார்த்தேன்:
பிள்ளைக்குப் பால் கொண்டுபோகிற தகப்பன்.
வயலின் வைத்தேன்:
மனைவி செத்து ஆறு மாதம்.
ஒன்றும் வைக்காமல் விட்டேன்:
மத்திய வீதி ஹார்ட்வெயாரில்
பைப் அளந்து வெட்டிக் கொடுக்கும் வில்வராசா அண்ணை
நடிக்கத் தெரியாமல் நடந்துகொண்டிருந்தார்.

கிண்ணியாவிலிருந்து நஸ்மி குரல் அனுப்பினான்:
"சனம் இவரத்தான் சந்தேகப்படோணும்.
கடைசி மட்டும்."

ஞாயிறுகளில் பாட்டுப்பூசைக்கு வாசிக்கிற
அதே கீபோர்டில்
அடிமட்டத்துப் பஞ்சமத்தை அழுத்தினேன்.
அரைச்சுரம் மேலே ஏறினேன்.
இறங்கவில்லை, அங்கேயே நின்றேன்.
அவ்வளவுதான்.
பால்மாப் பெட்டிக்குள் ஏதோ கனத்தது.

நகர மண்டபத்தில் திரையிட்ட இரவு
கூரைத் தகரத்தில் மழை.
அதையும் மீறி
அவர் வந்த இடமெல்லாம் இரண்டு சுரம் வந்தது.
முன்வரிசையில் ஒருத்தி
பிள்ளையை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.
பின்வரிசையில் நான் சந்தோஷப்பட்டேன்.
மறைக்க என்ன இருக்கிறது.

கொலை செய்தது டொக்டர்.
படம் முழுக்கப் புல்லாங்குழலோடு சிரித்தவர்.
அந்த உண்மைக்கு இரண்டு நிமிடம் கொடுத்திருந்தோம்,
என் பொய்க்கு இரண்டு மணித்தியாலம்.

கார்த்திகையில் அவர் வீட்டுக்கு வந்தார்.
திருக்கடலூர்ச் சந்தியில் பெடியள்
சைக்கிளைக் கண்டதும் மூக்கால் முனகுறாங்களாம்,
ம்ம், ம்ம் என்று.
முதலாளியும் சிரிக்கிறாராம்.
உப்புவெளியில் ஒரு வீட்டுக்காரி
தண்ணி மோட்டார் பூட்ட
வேறு ஆளை அனுப்பச் சொன்னாளாம்.

"தங்கச்சி, படத்தில நான் செய்யேல்லைத்தானே?"
"இல்லை அண்ணை."
"அப்ப அந்த ரெண்டு சத்தத்தையும் கழட்டிவிடேலாதோ?"

பிளேன்டீ ஆறிக்கொண்டிருந்தது.
"தொண்ணூறில எனக்குப் பதினாறு வயசு.
வரிசையில நிண்டனான்.
சாக்குப் போட்ட ஆள் வாய் திறக்கேல்லை,
தலையை மட்டும் ஆட்டினவன்."
பிறகு அதைப் பற்றி அவர் பேசவில்லை.
நானும் கேட்கவில்லை.

கொம்பியூட்டரில் இசையை எடுத்துவிட்டுக் காட்டினேன்.
சத்தமில்லாமல் நடந்தார், பன்னிரண்டு செக்கன்.
"இது நான்தான்," என்றார்,
யாரையோ பஸ்ஸில் அடையாளம் கண்டதுபோல.
அவருக்கு எப்படிச் சொல்வது,
இந்தப் பெட்டிக்குள் அழிக்கலாம்,
சந்திப் பெடியளின் மூக்கிலிருந்து
எந்தப் பொத்தானை அழுத்தி எடுப்பது.

எழும்பினார். செருப்புச் சத்தம்.
சைக்கிள் ஸ்டாண்ட் தட்டிய சத்தம்.
படலை சாத்துகிற சத்தம் வரவில்லை.

காத்திருந்தேன்.
கீபோர்ட் அணைந்து கிடந்தது.
என் விரல்கள் மடியில்தான் இருந்தன.
ஆனாலும் அது எழும்பியது,
பஞ்சமம்,
பிறகு அரைச்சுரம் மேலே,
என் முதுகுத்தண்டு வழியாக.

ஜன்னலால் எட்டிப் பார்த்தேன்.
ஒழுங்கையை மறித்து ஒரு மான்,
யாரோ எறிந்த பலாத்தோலைச் சப்பியபடி.
அது தின்று முடியட்டும் என்று
சைக்கிளைப் பிடித்துக்கொண்டு
நனைந்தபடி நின்றார் வில்வராசா அண்ணை.