நீர் தந்த ஆள்

சோஹார் துறைமுகத்தில்
மதிய வெயில் ஓய்வுக்குச் சங்கு ஊத
நாலு நிமிஷம் இருக்கையில்
என் ஃபோர்க்லிஃப்ட் பின்னால் போய்
ஒரு வால்வை இடித்தது.
எண்ணூறு ரியால் என்றார்கள் பிறகு.

ஹிலால் கிளிப்போர்டோடு வந்தார்.
முகத்தில் கோபமில்லை, கேள்வி ஒன்றுதான்:
"ஞானதிரவியம், கண் எங்கே இருந்தது?"

கண் மடியிலிருந்த செல்போனில் இருந்தது.
மகளின் பள்ளிக் கட்டண ரசீது
பாதி திறந்து சுற்றிக்கொண்டிருந்தது.
வாய் சொன்னது வேறு:
"நீங்க குடுத்த ஹெல்ப்பர்தான் சார்,
வா வான்னு கை காட்டினான்."

லோக்ராஜ் பத்தடி தள்ளி நின்றான்.
அவன் காட்டியது, நில்.
இரண்டு கையையும் குறுக்கே வைத்து, நில்.
நான் பேசிய இங்கிலீஷில்
ஹெல்ப்பர் என்ற ஒரு சொல் மட்டும் புரிந்து
ஏதோ பாராட்டுகிறேன் என்று
சிரித்தான்.

வெள்ளிக்கிழமை எங்கள் சபைக்குக்
காலை ஆறிலிருந்து எட்டு.
எட்டுக்கு மலையாளிகள் வாசலில் நிற்பார்கள்.
பாடம் வாசிக்கும் முறை எனக்கு.
மரம், பழம், இலை என்று
பழக்கத்தில் ஓடிய நாக்கு
ஆதாம் பதில் சொல்லும் இடத்தில்
இடறியது.
நீர் தந்த அவள்தான், என்கிறான்.

ஒரே மூச்சில் இரண்டு பேரைக் காட்டிக்கொடுக்க
அவனுக்கு யார் கற்றுத்தந்தது?
பாம்புகூட அதைச் சொல்லவில்லையே.
என் எலும்பு, என் சதை என்று கொண்டாடியவளைக்
குளிர்ந்த பொழுது வருவதற்குள்
எதிர்க்கணக்கில் எழுதிவிட்டான்.

மைக் இரைந்தது. யாரோ இருமினார்கள்.
கண்ணாடியைத் துடைப்பதுபோல் நின்றேன்.

எங்கே இருக்கிறாய் என்பதை
இத்தனை வருஷமும்
போலீஸ்காரன் கேள்வியாகவே கேட்டிருக்கிறேன்.
தோட்டம் போட்டவருக்கா தெரியாது
எந்த மரத்தின் பின்னால் எவன் என்று?
ஒளிந்தவனுக்குத்தான்
தான் இருக்கும் இடம் தெரியவில்லை.

என் ஆரஞ்சு வெஸ்ட்
அரை மைலுக்கு அப்பாலும்
தெரியட்டும் என்று தைத்தது.
அதற்குள்தான் நான் ஒளிந்திருந்தேன்.

இன்னொன்றையும் அன்றுதான் கவனித்தேன்.
சாபம் விழுந்தது பாம்பின்மேல், நிலத்தின்மேல்.
அவன்மேல் வியர்வைதான்.
வெளியே அனுப்புமுன்
உட்கார்ந்து தோலில் உடுப்பு தைத்திருக்கிறார்.
எந்தக் கம்பெனி
ஆளைக் கேன்சல் செய்யும் நாளில்
அளவெடுத்துச் சட்டை தருகிறது?

பிறகு ஒரு தோட்டம் உண்டு,
தீவட்டியோடு ஆட்கள் வந்த ராத்திரியில்.
அங்கே ஒருவர்
மரத்துக்குப் பின்னால் போகவில்லை,
முன்னால் வந்தார்.
தேடுவது என்னையென்றால் இவர்களை விடுங்கள் என்றார்.
நீர் தந்தவர்கள் என்று
அதே சொல்லைத்தான் அவரும் சொன்னார்.
ஆதாம் வாயில் அது சுட்டுவிரல்.
அவர் வாயில் அது
குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொள்ளும் கை.

ஆமென் சொன்னேனா, நினைவில்லை.
சனிக்கிழமை லீவு.
ஞாயிறு காலை ஹிலாலின் கேபினில்
"செல்போன் பார்த்துக்கொண்டிருந்தேன்" என்றேன்.
இங்கிலீஷில் அது ஆறே சொல்.
மூன்று மாதம் வண்டி கிடையாது,
எனக்கும் சம்பளப் பிடித்தம்.
லோக்ராஜுக்கு ஏற்கெனவே பிடித்ததைத்
திரும்பப் போட
சிஸ்டத்தில் இரண்டு மாதம் ஆகுமாம்.

அவனிடமும் சொன்னேன்,
உடைந்த ஹிந்தியில், இரண்டு தடவை.
முதல் தடவை அவனுக்குப் புரியவில்லை.
இரண்டாவது தடவை புரிந்தது.
உருளைக்கிழங்குச் சட்டியை இறக்கிவைத்துவிட்டு
மேல்பங்கில் ஏறிப் படுத்துக்கொண்டான்,
சுவரைப் பார்த்து.

இப்போது நானும் ஹெல்ப்பர்.
யாரோ ஓட்டும் வண்டிக்குப் பின்னால் நின்று
நில் என்று கை காட்டுகிறேன்.
பன்னிரண்டரைக்குச் சங்கு ஊதும்.
கன்டெய்னர் நிழலில் நானும் அவனும்
ஒரே பக்கம்தான் உட்காருகிறோம்.
பேச்சில்லை.
நடுவே
ஒருவர் உட்காரும் அளவுக்கு இடம்.