நூற்றுப் பன்னிரண்டாவது மரம்

வீட்டில் தலைவிளக்கு ஒன்றுதான்.
மூன்று மணி வரை அது என் நெற்றியில்,
கரிம வேதியியல் மூன்றாம் அலகு.
மூன்றுக்குப் பிறகு அம்மாவின் நெற்றியில்,
முதலாளியின் முன்னூறு ரப்பர் மரம்.
நாடாவில் என் வியர்வை காயாமலே
கட்டிக்கொண்டு இறங்கிவிடுவாள்.

பொன்மனையில் மழைக்கு நேரம் காலம் கிடையாது.
மரத்துக்குப் பிளாஸ்டிக் பாவாடை கட்ட
முதலாளிக்கு மனசு வரவில்லை.
மழை பெய்தால் வெட்டில்லை,
வெட்டில்லை என்றால் கூலியில்லை.
வானிலை அறிக்கை வாசிக்கும்போது மட்டும்
எங்கள் வீட்டில் எல்லோரும் பேச்சை நிறுத்துவோம்.
அப்பா கோட்டயத்தில் கொத்து வேலை.
சனிக்கிழமை ராத்திரி வந்து
ஞாயிறு சர்ச்சில் உட்கார்ந்தபடி தூங்கி
சாயங்காலம் பஸ் ஏறிவிடுவார்.
தம்பி அஜினுக்குப் பாலிடெக்னிக்கில் மூன்று அரியர்,
அவன் கவலை எல்லாம்
அடுத்தவன் பைக்கின் சைலன்சர்.

எம்.எஸ்ஸி. முதல் வாரம், ஆய்வகத்தில்
ஃபார்மிக் அமிலப் புட்டியைத் திறந்ததும்
எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள்.
எனக்குப் பசித்தது.
எங்கள் சுவரை ஒட்டித்தான்
உறை ஊற்றும் தட்டுகளும் உருளை மெஷினும்.
ஆசிட் விட்ட பால் கட்டியாகும் நேரம்தான்
அடுப்பில் மரச்சீனி வெந்து இறங்கும் நேரம்.
இதை யாரிடம் சொல்ல?
டெல்பினிடம் சொன்னேன்.
குறும்பனைக்காரி, வள்ளக்காரர் மகள்.
அவளிடம் மீன் மணம் என்பார்கள்,
என்னிடம் ஒட்டுபால் மணம் என்பார்கள்.
இரண்டு வருஷமாக ஒரே பெஞ்சு.
எங்களுக்கு ஒன்றும் மணப்பதில்லை.

மாமா ஒரு வரனோடு வந்தார்.
குவைத்தில் டிரைவர், முப்பது பவுன்,
"படிச்சது போரும், கெட்டிக் குடுக்கப் பாரு."
அம்மா சிரட்டைகளைக் கழுவிக்கொண்டே சொன்னாள்:
"மழ தோரட்டும், பாப்பம்."
மாமா சாயாவைக் குடித்துவிட்டுப் போனார்.
அது ஜூன் மாதம்.
இங்கே இரண்டு பருவமும் பெய்யும் என்பது
அவருக்குப் பஸ்ஸில் ஏறியபிறகுதான்
உறைத்திருக்க வேண்டும்.

செப்டம்பரில் அம்மாவுக்குக் காய்ச்சல்.
நாலு நாள் போகாவிட்டால்
அந்த மரங்கள் வேறு ஆளுக்குப் போய்விடும்.
ஐந்தாவது நாள் வராமலிருக்க
கத்தியை நான் எடுத்தேன்.
சின்ன வயதில் பிடித்த கத்திதான்,
நூற்றுப் பதினொரு மரம் வரை கை பழகியபடி போனது.
நூற்றுப் பன்னிரண்டில்
அடுத்த வாரம் திருவனந்தபுரத்தில்
என்ன கேட்பார்கள் என்று நினைத்துவிட்டேன்.
கத்தி ஆழப் போய்விட்டது.
பட்டைக்குள்ளே மரம்
வெள்ளையாக, எலும்பு மாதிரி.

காய்ச்சல் விட்டதும் அம்மா போய்ப் பார்த்தாள்.
என்னைத் திட்டவில்லை.
காயத்தில் களிமண் அப்பினாள்.
முதலாளியிடம் தன் கைதான் தவறியது என்றாள்,
இருநூறு ரூபாய் பிடித்தார்கள்.
ராத்திரி சாப்பிடும்போது மட்டும் சொன்னாள்:
"இனி அந்த எடத்துல கத்தி வைக்க
ஏழு வருஷம் ஆவும், பிள்ளே."

ஏழு வருஷம்.
விரலில் எண்ணிப் பார்த்தேன்.
ஆராய்ச்சிக்கு ஐந்து,
யாரும் கணக்கில் சேர்க்காத தாமதம் ஒன்று,
வேலை தேட ஒன்று.
அப்போது எனக்கு முப்பது,
அம்மாவுக்கு ஐம்பத்தி நாலு.
பட்டை வளர்ந்து மூடியிருக்கும்.
அப்போதும் அந்த மரத்தடியில்
அவளே நிற்பாளோ என்பதை
எண்ணாமல் விரலை மடக்கிக்கொண்டேன்.

திருவனந்தபுரத்தில் நாலு பேர், நீள மேசை.
கையைப் பொசுக்காத ஓர் உறைபொருள்,
இதுதான் என் தலைப்பு.
"ஏன் இதைத் தேர்ந்தெடுத்தீர்கள்?"
அம்மாவின் வெடித்த விரல்கள் நாக்கு நுனி வரை வந்தன.
சூழலியல், ஏற்றுமதித் தரம்,
பதினாறு ஆய்வுக் கட்டுரைகள் என்றேன்.
தலையாட்டினார்கள்.
மார்த்தாண்டம் வரும்வரை
ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பியிருந்தேன்.

முடிவு இன்னும் வரவில்லை.
நேற்று சாயங்காலம் தொடங்கிய மழை
இன்னும் தோரவில்லை.
மணி மூன்று தாண்டியும்
விளக்கு என் நெற்றியிலேயே இருக்கிறது.
முழு ராத்திரியும் எனக்கே கிடைத்த விளக்கில்
ஒரு பக்கம்கூட ஓடவில்லை.
பக்கத்தில் அம்மா புரண்டு படுக்கிறாள்.
"அணைச்சிற்று கெட, பிள்ளே.
சார்ஜ் தீந்துரும்."