தண்ணிக்காரனின் பாவசங்கீர்த்தனம்

சுவாமி மாதம் ஒருமுறைதான் மலையேறி வருவார்.
அதுவரை இதை வயிற்றில் வைத்திருக்க முடியாது.
ஆகவே ஆண்டவரே, நேராக உம்மிடம்.

சவரிநாயகம். தூவான்மலைத் தோட்டம், மேல்கணக்கு.
மஸ்கெலியாவிலிருந்து கடைசி பஸ் திரும்பும் இடத்துக்கும் மேலே.
பதினேழு வருடமாய்த் தண்ணிக்காரன்.
விடியுமுன் டார்ச்சோடு ஊற்றுக்கு ஏறுவேன்.
தொட்டிவாயில் அடைந்த டர்பன்டைன் சருகை அள்ளி,
அட்டைக்குச் சவர்க்காரம் பூசிய காலோடு
குழாய் வழியே இறங்கி
இரண்டு வால்வைத் திறப்பேன், மூடுவேன்.
மேல்லயத்துக்கு ஒன்று. கீழ்லயத்துக்கு ஒன்று.

கீழ்லயத்தில் காத்தமுத்து இருக்கிறான்.
என் தம்பி ஒரு மூட்டைக் கொழுந்தை வெளியே விற்றதாக
ஆபீசில் சாட்சி சொன்னவன்.
சொன்னது பொய்யில்லை.
அதுதான் இன்னும் சுடுகிறது.
செக்ரோலில் தம்பியின் பேரை வெட்டினார்கள்.
இப்போது அவன் புறக்கோட்டையில்
யாருடைய மூட்டையையோ சுமக்கிறான்.

போன திங்கள், புதுச்சாரம் கட்டி
இஸ்தோப்பில் நின்று சிரித்தான் காத்தமுத்து.
எதற்குச் சிரித்தானோ.
கீழ்வால்வை இறுக்கினேன்.
கேட்டவர்களிடம் "ஊத்து வத்திப்போச்சு" என்றேன்.
அப்போது ஆடிமழை பெய்துகொண்டிருந்தது.

நாற்பத்திரண்டு காம்பரா.
எனக்குத் தெரிந்தது ஒரே முகம்.
கூடை இறக்கிய முதுகு நிமிருமுன்
பெண்கள் குடம் தூக்கி ஆற்றுக்குப் போனார்கள்.
பிள்ளைக்காம்பராவில் பால்மா கரைக்கத் தண்ணீரில்லை.
அந்த இரண்டு இரவும் ஜெபமாலை சொன்னேன்.
ஒரு மணியும் தவறவில்லை.

மூன்றாம் இரவு
குழாய் உம்முடைய பக்கம் சேர்ந்துகொண்டது.
போக்கிடம் இல்லாத தண்ணீர் மேலே முட்டி
வெள்ளைக்காரன் காலத்து இரும்பு மூட்டைப் பிளந்தது.
எங்கே?
என் அடுப்படிக்குப் பின்னால்.
லீக்ஸ் பாத்தி பாதி போயிற்று. விறகு மிதந்தது.
முழங்கால் தண்ணீரில் கோழியை இடுக்கிக்கொண்டு
பிலோமினா என்னைப் பார்த்தாள்.
அவளுக்குத் தெரியும், ஊற்று வற்றவில்லை என்று.

சத்தம் கேட்டு முதலில் ஓடிவந்தவன் அவன்தான்.
கையில் பழைய சைக்கிள் டியூப்.
"தள்ளு சவரி. நீ வெளிச்சத்தப் புடி."
இரண்டு மணி நேரம்.
பல்லால் ரப்பரை இழுத்து இழுத்துக் கட்டினான்.
நெற்றித் திருநீறு கரைந்து மூக்கில் வழிந்தது.
போகும்போது,
"ஊத்து வத்தலியே சவரி" என்றான்.
அவ்வளவுதான்.
தெரிந்து சொன்னானா, தெரியாமலா,
கேட்க எனக்கு வாய் எழவில்லை.

விடியலில் ஏறினேன்.
பாறைப் பிளவில், விரல் கனத்துக்கு,
வந்துகொண்டிருந்தது.
நான் அடைத்த மூன்று நாளும் வந்துகொண்டுதான் இருந்தது.
தேயிலைக்கு முன், இங்கே காடாய்க் கிடந்தபோதும்
யார் குடத்துக்கு என்று கேட்டிருக்காது.
'சவரி குடுத்த தண்ணி' என்று ஊர் சொல்லும்.
நானும் தலையாட்டியிருக்கிறேன்.
ஒரு சொட்டு நான் செய்ததுண்டா?
என்னிடம் இருப்பது ஒரு ஸ்பேனர்.

அவனை நேசிக்க வேண்டுமென்று
எத்தனை ஞாயிறு என் நெஞ்சைத் தோண்டிப் பார்த்திருப்பேன்!
கல். கொஞ்சமும் ஈரமில்லை.
தோண்டிய இடம் தப்பு.
பொய்யாய் மணி உருட்டிய அந்த இரண்டு இரவும்
நீர் என்னை நேசித்துக்கொண்டிருந்தீரே,
அது இருக்கிறது மேலே.
எனக்கு முந்தியே இருக்கிறது.
நான் அடைக்காமல் இருந்தால் போதும்.

கீழ்வால்வைத் திறந்துவிட்டேன்.
முதலில் துருவும் ஒரு தவளைக்குஞ்சும் போயிருக்கும்.
காத்தமுத்துவை எனக்கு இன்னும் பிடிக்கவில்லை.
இதையும் கணக்கில் எழுதிக்கொள்ளும்.

மிஞ்சிய லீக்ஸை உரச்சாக்கில் சுற்றிவைத்து
"நீங்களே கொண்டுபோய்க் குடுங்க" என்கிறாள் பிலோமினா.
கீழ்லயத்துக்கு நூற்றுப் பன்னிரண்டு படி.
எல்லாம் இறக்கம்தான்,
தண்ணீர் போகிற திசை.