எண்பத்தேழாவது புள்ளி

எழுநூறு கிலோமீட்டர் உயரத்தில்
பதினாறு நாளுக்கு ஒருமுறை
எண்ணூரைப் பார்த்துவிட்டுப் போகிறது அது.
ஐப்பசி கார்த்திகையில் அனுப்புவதெல்லாம் மேகம்.

முப்பதுக்கு முப்பது மீட்டர், ஒரு சதுரம்.
உள்ளே
ஏழெட்டு வீடு, ஒரு கைப்பம்பு,
கவிழ்த்துப் போட்ட ஃபைபர் படகு,
எல்லாம் சேர்ந்து ஒரே சாம்பல் நிறம்.

தரை என்றால் ஒன்று. நீர் என்றால் சுழி.
பாதிக்குப் பாதி என்றால்
என்னைக் கேட்கும்.

தொண்ணூற்றொன்றின் கரையை மஞ்சளில் இழுத்தேன்,
இந்த வருடத்தைச் சிவப்பில்.
துறைமுகத்துக்குத் தெற்கே மணல் கொழுத்துக் கிடக்க
வடக்கே
மஞ்சளைத் தின்றுகொண்டு வருகிறது சிவப்பு.

சரிபார்க்க நேரில் போனேன்.
ஜிபிஎஸ் சொன்ன இடம்
கொட்டிய கருங்கல்லுக்கு அப்பால், அலைக்குள்.
கல்மேல் தொற்றிக்கொண்டு கருவியை நீட்டினேன்.

"இன்னாம்மா தேடற?"
மீன்கூடையோடு தேசம்மாள்.
"எண்பத்தேழாவது புள்ளி."
எட்டிப் பார்த்தாள்.
"அது என் சமையக்கட்டு."

கூடையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு
வாசல் இது, பாத்திரம் கழுவுற கல்லு அது என்று
தண்ணீரில் விரல் வைத்துக் காட்டினாள்.
போன வருசம் வரை வீட்டுவரி கட்டியிருக்கிறாளாம்.
ரசீது இருக்கிறதாம்.
வேணும்னா எடுத்தாரட்டுமா?

அலுவலகத்தில் திரை கேட்டது:
எண்பத்தேழு, நீரா தரையா?
ஆறு மணிக்குள் அனுப்பியாக வேண்டும்.
சுழி அடித்தேன்.

அடித்துவிட்டு
பக்கத்துக் குறிப்புக் கட்டத்தில்
சமையலறை என்று எழுதினேன்.
அந்த மென்பொருளுக்குத் தமிழ் வராது.
வரிசையாக
காலிச் சதுரங்கள் வந்து நின்றன.