ஆறு முப்பத்துமூன்று

கூண்டின் உட்சுவரில், மின்பெட்டிக்கு மேலே
பென்சிலால் எழுதியிருக்கிறார் வார்த்கெஸ்:
1971 ஜனவரி 15. ஆறு முப்பத்துமூன்று. பெண்.

மூன்று முறை வெள்ளையடித்தாகிவிட்டது.
மூன்று முறையும் அந்த ஒரு சாண் இடத்தைச்
சுற்றிக்கொண்டு போயிருக்கிறது தூரிகை.

ஷுஷானிக் வந்து நிற்கிறாள்,
பூட்ஸிலிருந்து பனிச்சேறு சொட்ட.
நாற்பது வயது. யெரெவானில் பல் மருத்துவர்.
"ஆறரை மணிக்கு நான் பிறக்கவில்லை.
நடுராத்திரி என்கிறாள் அம்மா."

இங்கே கடிகாரம் இரண்டு.
ஒன்று பஸ்ஸுக்கும் ரொட்டிக்கடைக்கும்.
மற்றது நட்சத்திரங்களுக்கு:
நாளொன்றுக்கு நாலு நிமிடம்
(நாலு நொடி குறைய) முந்தி ஓடும்.
வருடக் கடைசியில் ஒரு நாள் கூடுதலாக எண்ணிவிடும்.
அந்த நாளுக்குச் சம்பளம் கேட்டு
மனு எழுதியவர் உங்கள் அப்பா.
கோப்பில் இன்னும் இருக்கிறது.

மாற்றித் தருவது என் வேலை.
கணினி செய்யும்; இதைக் கையால் செய்தேன்.
அரகாத்ஸ் சரிவு கிரீனிச்சுக்குக் கிழக்கே
இரண்டு மணி ஐம்பத்தேழு நிமிடம்: கழி.
மூன்று முப்பத்தாறு.
பதினான்காம் தேதி கிரீனிச்சில் நள்ளிரவு அடித்தபோது
நட்சத்திரங்கள் காட்டியது ஏழு முப்பத்திரண்டு:
அதையும் கழி. போதாது, இருபத்துநாலைக் கடன் வாங்கு.
இருபது மணி நாலு நிமிடம்.
இது நட்சத்திர மணி, அளவில் சற்றே குட்டை.
மணிக்குப் பத்து நொடி வீதம் நறுக்கு:
மூன்றேகால் நிமிடம் தரையில் விழுகிறது.
மிச்சத்தோடு நம் ஊர் நாலு மணியைக் கூட்டு.

பன்னிரண்டு தாண்டி ஒரு நிமிடம்.
பதினைந்தாம் தேதி பிறந்து
முழுதாக ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அவள் கைப்பையை மூடினாள்.
நான்தான், இருங்கள் என்றேன்.

வானம் ஒரு சுற்றை முடித்த பிறகும்
தேதியில் நாலு நிமிடம் மிஞ்சும்.
அந்த மிச்சத்தில்
தொடங்கிய இடத்தையே இன்னொரு முறை எழுதும்.
உங்கள் ஆறு முப்பத்துமூன்று
அந்தத் துண்டுக்குள் விழுந்திருக்கிறது.
ஆகவே இரவு பதினொன்று ஐம்பத்தேழும் சரி.
அதே தேதி. அதே நட்சத்திரங்கள் தலைக்கு மேல்.

"எது?"

பதிவேடுகளை எடுத்தேன்.
முதல் இரவு: தெளிவான வானம்.
ஆறு முப்பதுக்கு ஒரு அளவு, முப்பத்தாறுக்கு ஒன்று,
ஒரே மை, ஒரே சாய்வு, கை நடுங்கவில்லை.
இரண்டாம் இரவு: "பனி. கூண்டு மூடியிருக்கிறது."
அதற்குக் கீழே வெறும் கோடுகள்.

அவள் இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.
எனக்குப் புரிந்தது கொஞ்சம் தாமதமாகத்தான்.
முதல் விடை என்றால், அப்பாவுக்கு வேலை இருந்தது.
இரண்டாவது என்றால்,
மூடிய கூண்டுக்குள்
ஒன்பது கிலோமீட்டர் தள்ளி
சும்மா உட்கார்ந்திருந்தார்.

"சாலை அடைபட்டிருக்கலாம்," என்றேன்.
"இருக்கலாம்."
"எழுதியது பிறந்த நேரமா,
போன் வந்த நேரமா, அதுவும் தெரியாது."
"தெரியாது."
பத்தாம் தசமம் வரை வகுக்கத் தெரிந்த எனக்கு
அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

அங்கிருந்தே அம்மாவுக்குப் போன் போட்டாள்.
ஒலிபெருக்கியில் அருஸ்யாக்கின் குரல்,
பின்னால் ஏதோ வறுபடும் சத்தம்:
"பனியா? திரை போட்டிருந்தார்கள், எனக்கென்ன தெரியும்.
கடிகாரம் பார்க்கிற நிலைமையா அது?
வந்தார். எப்போதோ வந்தார்.
காது இரண்டும் சிவந்து,
தொப்பியை எங்கேயோ விட்டுவிட்டு.
ஏன்டி, இப்போது என்ன செய்துவிட்டார்?"

ஷுஷானிக் பதில் சொல்லவில்லை.
சுவரருகே போய், மூக்கு உரசும் தூரத்தில்,
ஆறு என்ற எண்ணின் வயிற்றைப் பார்த்தாள்.
இருமுறை அழுத்தி எழுதியிருந்தது.

வெளியே பஸ் வரும் நேரம்.
எந்தக் கடிகாரத்தில் என்று கேட்டாள்,
சிரிக்காமல்.